அம்மாவுக்குப் பிறகு தம்பி எங்கே இருப்பான்?

அம்மாவுக்கு 76 வயது. தம்பிக்கு 38. அவனுக்கு டவுன் சிண்ட்ரோம், இடைக்கிடை வலிப்பும் வரும். போன மாரியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. நான் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதி உள்ளூராட்சியான கவுன்சில் அவசரத்துக்குக் கிடைத்த ஓரிடத்தில் தம்பியைத் தங்கவைத்தது. மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது அவன் கன்னம் வீங்கியிருந்தது. அவர்களுடைய பதிவுப் புத்தகத்தில் ஆறு இடத்தில் ஒரே வசனம்: “சாப்பாட்டை மறுத்தார். ‘நோ’ என்றார்.”

எங்கள் வீட்டில் ‘நோ’ என்றால் நோவு. பல் நோ, வயித்து நோ, தலை நோ. கடைவாய்ப்பல்லில் சீழ் கட்டி, சாப்பாடு வரும்போதெல்லாம் தனக்கு நோகிறது என்று அவன் சொல்லியிருக்கிறான். அவர்களுக்கு அது வேண்டாம் என்று கேட்டிருக்கிறது. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவனை அறிந்த ஒருவர்கூட அந்தக் கட்டடத்தில் இருக்கவில்லை.

அந்த வாரத்துக்குப் பிறகுதான் பத்து வருடமாகத் தள்ளிப்போட்ட கதையை அம்மாவும் நானும் கதைக்கத் தொடங்கினோம். எட்டு மாதமாக இங்கிலாந்தில் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இதே யோசனையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் லண்டனிலும் லெஸ்டரிலும் எத்தனையோ. கோயிலில் சந்தித்தாலும் இதைப் பற்றி வாய் திறக்கமாட்டோம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கே ‘லேர்னிங் டிஸபிலிட்டி’ என்பது எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா இல்லை. பிறப்பிலிருந்தோ சிறுவயதிலிருந்தோ இருக்கிற, விளங்கிக்கொள்வதிலும் தன் காரியத்தைத் தானே பார்ப்பதிலும் உதவி தேவைப்படுகிற அறிவுசார் குறைபாடு. கவுன்சிலில் கதைக்கும்போது இரண்டையும் குழப்பினால் தவறான மேசைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெரிய வழிகள் நாலு: வீட்டிலேயே வைத்திருந்து உதவிக்கு ஆள் எடுப்பது, கேர் ஹோம் (பராமரிப்பு இல்லம்), சப்போர்ட்டட் லிவிங் (வாடகை வீட்டில் உதவியோடு வாழ்வது), ஷெயார்ட் லைவ்ஸ் (இன்னொரு குடும்பத்தோடு வாழ்வது). ‘ஸ்பெஷலிஸ்ட் ஹொஸ்பிட்டல்’ என்ற ஐந்தாவது பெயரும் சில சமயம் மேசைக்கு வரும். அதை நான் வழியாகவே எண்ணவில்லை. காரணம் இதுதான். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. ஓர் ஆளுக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்ட் அரசாங்கப் பணம் போய்க்கொண்டிருந்தது. 2011 மே மாதம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி மறைகமரா வைத்து எடுத்ததைக் காட்டியது: நோயாளிகளை அடித்தார்கள், தரையில் போட்டு நாற்காலியால் அமுக்கினார்கள், உடுப்போடு குளிர்நீரில் நனைத்தார்கள். அங்கே வேலைசெய்த மூத்த தாதி டெரி பிரையன், நிர்வாகத்திடமும் கண்காணிப்பு ஆணையமான சி.கியூ.சி.யிடமும் திரும்பத் திரும்பச் சொல்லியும் பலனில்லாமல்தான் பிபிசியிடம் போனார். 2012-இல் 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது, அதில் ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். இனி இப்படி நடக்காது என்றார்கள். 2019-இல் டர்ஹம் பகுதியின் வோர்ல்ட்டன் ஹோலில் அதே நிகழ்ச்சி அதே மாதிரிக் காட்சிகளை எடுத்தது. அப்போது அந்த இடத்துக்கு சி.கியூ.சி. கொடுத்திருந்த தரம் ‘குட்’, அதாவது ‘நல்லது’. 2015-இலேயே ஒரு பரிசோதகர் அங்குள்ள குறைகளை எழுதிக் கொடுத்த அறிக்கை வெளியிடப்படாமல் கிடந்தது.

இந்த இரண்டையும் வாசித்த பிறகு நான் எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் மனசில் ஒரு கேள்வியோடுதான் போனேன். இங்கே சம்பளம் வாங்காத கண்கள் எத்தனை? அம்மாக்கள், சகோதரங்கள், பக்கத்து வீட்டுக்காரர், பகலில் அவன் போகும் சென்டரின் ஆட்கள், டாக்டர், தபால்காரர். யார் யார் உள்ளே வருகிறார்கள், எந்த நேரத்தில், சொல்லாமல் வரலாமா? கட்டடத்தின் பெயர்ப்பலகையைவிட இது எனக்குப் பெரிதாகிவிட்டது.

வீட்டிலேயே வைத்திருப்பதுதான் எங்கள் ஆட்களின் முதல் பதில். “நீ இருக்க, அவனை வெள்ளைக்காரரிட்டயே விடப்போறாய்?” என்று மாமி ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியில் பாசமும் இருக்கிறது, பாரமும் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு கேர் சட்டப்படி தம்பிக்கு எவ்வளவு உதவி தேவை என்று கவுன்சில் மதிப்பீடு செய்யவேண்டும், பராமரிக்கிற அம்மாவுக்கும் தனி மதிப்பீடு உண்டு. டிரெக்ட் பேமென்ட் என்று பணமாக வாங்கி நாங்களே ஆள் வைத்துக்கொள்ளலாம். தமிழ் கதைக்கிற ஆளையே எடுக்கலாம், அது பெரிய வசதி. ஒரே வீட்டில் வசிக்கிற நெருங்கிய உறவுக்குச் சாதாரணமாக அந்தப் பணத்தைக் கொடுக்க முடியாது. ஆளுக்குச் சம்பளச் சீட்டு, விடுமுறை, காப்புறுதி எல்லாம் எங்கள் தலையில்.

இந்த வழியின் ஆபத்து மெதுவாக வருவது. வீடு பாதுகாப்பாகத்தான் இருக்கும், அம்மா விழும் நாள்வரைக்கும். அன்றைக்கு 38 வருடப் பழக்கம் முழுவதையும் ஒரு இரவில் அறுத்து, எந்தக் கட்டிலில் இடம் இருக்கிறதோ அங்கே அவனைக் கொண்டுபோய் வைப்பார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான். அம்மா இருக்கும்போதே அவன் வேறோரிடத்தில் பழகினால் அம்மா வந்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம், தேவைப்பட்டால் வீட்டுக்கும் கூட்டிவரலாம். அம்மா போன பிறகு பழகினால், அம்மாவை இழந்த துக்கத்தையும் வீட்டை இழந்த துக்கத்தையும் ஒரே கிழமையில் அவன் சுமக்கவேண்டும். அதை வாயால் சொல்லவும் அவனுக்குத் தெரியாது. இந்த வாதத்தில்தான் அம்மா இறங்கிவந்தார்.

கேர் ஹோம், சப்போர்ட்டட் லிவிங் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு விளக்க மூன்று சோசல் வேர்க்கர்கள் தேவைப்பட்டார்கள். கேர் ஹோமில் படுக்கை, சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில். கட்டடத்தையும் பராமரிப்பையும் சேர்த்தே சி.கியூ.சி. பரிசோதிக்கும். சப்போர்ட்டட் லிவிங்கில் அவன் வாடகைக் குடியிருப்பாளன். வீட்டுக்கு ஒருவர் சொந்தக்காரர், பராமரிப்புக்கு வேறொரு நிறுவனம். சி.கியூ.சி. பார்ப்பது உடல் பராமரிப்புச் சேவையை மட்டும், வீட்டை இல்லை. ஒரே அலுவலகத்தின் கீழ் பத்து இருபது வீடுகள் இருக்கலாம். தரம் கிடைப்பது அந்தச் சேவைக்கு. உங்கள் பிள்ளை இருக்கப்போகிற வீட்டுக்குள் பரிசோதகர் கால் வைக்காமலே ‘குட்’ என்று வந்திருக்கலாம்.

காசு விஷயத்திலும் பெரிய வேறுபாடு. கவுன்சில் செலவில் கேர் ஹோமுக்குப் போனால் 28 நாளுக்குப் பிறகு பிப் என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகையின் அன்றாடப் பராமரிப்புப் பகுதி நின்றுவிடும், போக்குவரத்துப் பகுதி மட்டும் தொடரும். அவன் வருமானத்தில் பெரும்பங்கைச் செலவுக்கு எடுத்துக்கொண்டு கைச்செலவுக்கு வாரம் 30 பவுண்டுக்குச் சற்று மேல் விடுவார்கள். சப்போர்ட்டட் லிவிங்கில் வாடகைக்கு ஹவுசிங் பெனிஃபிட் வரும், மற்ற உதவித்தொகைகள் அவன் பெயரிலேயே இருக்கும், கவுன்சிலுக்குக் கொடுக்கும் பங்கு போக மிஞ்சுவது பொதுவாகக் கூடுதல். வாடகைப் பத்திரம் இருப்பதால் நினைத்த நேரம் வெளியேற்றவும் முடியாது. பராமரிப்பு சரியில்லை என்றால் வீட்டை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றலாம் என்பது கொள்கை. நடைமுறையில் மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்காக நிறுவனத்தை மாற்றுவது இலேசான காரியம் இல்லை.

இதையெல்லாம் கேட்டதும் சப்போர்ட்டட் லிவிங்தான் நல்லது, கேர் ஹோம் பழைய காலத்து ஏற்பாடு என்ற முடிவுக்கு நானும் வந்திருந்தேன். அதிகாரிகளும் அந்தப் பக்கமே இழுப்பார்கள். ரிச்சர்ட் ஹேண்ட்லியின் கதை என்னை நிறுத்தியது.

ரிச்சர்ட் சஃபொக் பகுதியின் லோஸ்டொஃப்டில் இருந்தவர். அவருக்கும் டவுன் சிண்ட்ரோம். வாழ்நாள் முழுக்க மலச்சிக்கல், அதற்கென்று சாப்பாட்டு முறையும் கவனிப்பும் இருந்தன. அவர் இருந்த கேர் ஹோம் 2010-இல் சப்போர்ட்டட் லிவிங்காக மாறியது. கட்டடம் அதே, பெயர் வேறு. நார்ச்சத்துள்ள சாப்பாடும் கவனிப்பும் படிப்படியாக நழுவிப்போயின. தன் விருப்பப்படி சாப்பிட அவருக்கு உரிமை உண்டு என்ற நல்ல கொள்கையின் நிழலில், அந்த உடம்புக்கு என்ன தேவை என்பது மறந்துபோயிற்று. 2012 நவம்பரில் 33 வயதில் இப்ஸ்விச் ஆஸ்பத்திரியில் இறந்தார். அறுவைச் சிகிச்சையில் 10 கிலோ அளவுக்கு மலத்தை எடுத்தார்கள். மலச்சிக்கலால் ஒரு மனிதர் 21-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செத்துப்போனார். அம்மாவுக்கு இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் வெகுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. தம்பிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊறவைத்த முந்திரிகை வத்தல் (உலர் திராட்சை) கொடுப்பது யாருக்கும் அவர் சொன்னதே இல்லை. அவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை.

அதற்காகக் கேர் ஹோம் என்ற பெயர் காப்பாற்றும் என்றும் இல்லை. டெவனில் அட்லஸ் நிறுவனம் நடத்திய வெயில்ஸ்டோன், கட்டூமா இரண்டும் கேர் ஹோம்கள்தான். அங்கே ஆட்களை வெறும் அறைகளில் மணிக்கணக்காக, சில வேளை இரவு முழுவதும் பூட்டிவைத்தார்கள். நிர்வாகிகளும் ஊழியர்களுமாக 13 பேர் குற்றவாளிகள் என்று 2017-இல் தெரியவந்தது. அங்கேயும் வெளியார் கண் போதாமல் போயிற்று என்றே எனக்குப் பட்டது.

சட்டத்தின் கண் எந்த இடத்தில் எவ்வளவு விழும் என்பதையும் பார்க்கவேண்டும். 2014-இல் செஷயர் வெஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடர்ந்த கண்காணிப்பிலும் கட்டுப்பாட்டிலும் ஒருவர் இருந்து, விட்டுப்போக அவருக்குச் சுதந்திரமும் இல்லையென்றால், இடம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் அது சுதந்திரத்தைப் பறிப்பதே என்றது. தங்கக் கூண்டும் கூண்டுதான் என்றார் நீதிபதி லேடி ஹேல். கேர் ஹோமில் அதற்குக் கவுன்சிலின் அனுமதி வேண்டும், கூடியது ஒரு வருடத்துக்கு. அவன் சார்பில் ஒரு பிரதிநிதி வந்து பார்ப்பார், அது நானாகவும் இருக்கலாம். சப்போர்ட்டட் லிவிங்கில், தானே முடிவெடுக்க முடியாதவர்களின் விஷயத்தைப் பார்க்கும் நீதிமன்றமான கோர்ட் ஒஃப் புரொடெக்ஷன் வரைக்கும் போகவேண்டும், அது இழுபடும். ஒன்றை எங்கள் ஆட்கள் அநேகர் அறிவதில்லை: பிள்ளைக்கு 18 வயதானால் தாய் தகப்பன் என்பதற்காக மட்டும் அவனுக்காக முடிவெடுக்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லை. முடிவெடுக்கும் திறன் பற்றிய 2005-ஆம் ஆண்டு மென்டல் கப்பாசிட்டி சட்டப்படி அவன் நலனைப் பற்றி முடிவெடுக்கும்போது நெருங்கியவர்களைக் கேட்கவேண்டும். அந்தக் கூட்டங்களுக்குப் போகத் தவறாதீர்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன பத்திரம் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஷெயார்ட் லைவ்ஸ்தான் என் மனசுக்குப் பிடித்தது. பயிற்சி பெற்று, குழுவொன்றின் ஒப்புதலும் பெற்ற ஒரு குடும்பம் தங்கள் சொந்த வீட்டில் அவனை ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளும். கூடியது மூன்று பேர்தான். குடும்பத்தைத் தேடிப் பொருத்துகிற திட்டத்தை சி.கியூ.சி. பரிசோதிக்கும், அந்தத் திட்டங்களின் தரம் மற்ற வகைகளைவிடத் தொடர்ந்து நன்றாகவே இருந்து வருகிறது. பெல்ஜியத்தின் கேல் என்ற ஊரில் மனநோயாளிகளையும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் ஊர்க்குடும்பங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பது நடுக்காலத்திலிருந்தே நடந்துவருவதாம். ஊரில் பெரியம்மா வீட்டில் யாரோ ஒரு சொந்தக்காரர் காலம் முழுக்க இருப்பாரே, அதுபோல என்று அம்மாவுக்கு உடனே விளங்கியது.

ஆனால் தம்பிக்கு அது பொருந்தவில்லை. அவனுக்கு வலிப்பு தூக்கத்திலும் வரும். நித்திரை கொள்ளாமல் விழித்திருக்கும் ஆள் இரவில் வேண்டும், ஒரு குடும்பத்திடம் அதைக் கேட்க முடியாது. 2013-இல் ஒக்ஸ்ஃபோர்டில் 18 வயது கொனர் ஸ்பாரோஹோக், வலிப்பு வந்து குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். அவர் இருந்த சிகிச்சைப் பிரிவை நடத்தியவர்களுக்கு அவருக்கு வலிப்பு உண்டென்று தெரியும். வலிப்புள்ள பிள்ளையின் குடும்பம் அந்தப் பெயரை மறக்கக்கூடாது. இரவு ஆள் தேவைப்படாத பிள்ளைக்கு என்னைக் கேட்டால் ஷெயார்ட் லைவ்ஸைத்தான் முதலில் சொல்வேன். அந்தக் குடும்பத் தலைவிக்கு நோய் வந்தால் என்ன ஏற்பாடு என்பதை மட்டும் முதல் நாளே கேளுங்கள். எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பம் எதுவும் அப்போது பதிவில் இல்லை. பிள்ளைகள் படித்துப் போய் வெறுமையாக அறை வைத்திருக்கும் எங்கள் சனம் இதை யோசிக்கலாம்.

ஆக, எங்களுக்கு மிஞ்சியது கேர் ஹோமும் சப்போர்ட்டட் லிவிங்கும். ஒன்பது இடம் பார்த்தோம். சி.கியூ.சி. அறிக்கையை வாசித்தோம். தரத்தைப் பார்க்குமுன் திகதியைப் பாருங்கள், பழைய அறிக்கைக்குப் பிறகு மனேஜர் இரண்டு முறை மாறியிருக்கலாம். ஒரு கேர் ஹோம் ஹோட்டல் போல இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் சும்மா வரலாமா என்று கேட்டதற்கு, முன்பதிவு செய்துவிட்டு வந்தால் ‘எல்லோருக்கும் வசதி’ என்றார்கள். அம்மா காரில் ஏறியதும் “வேண்டாம்” என்றார். இன்னொரு சப்போர்ட்டட் லிவிங் வீட்டில் மேசையில் நாலு பேர் இருந்தார்கள், வேலைசெய்பவர் அவர்கள் தலைக்கு மேலால் எங்களோடுதான் கதைத்தார். ஆறு பேர் இருந்த ஒரு பழைய கேர் ஹோமில் சுவர்ப் பூச்சு உரிந்திருந்தது, ஆனால் சமையல்காரி 14 வருடமாக அங்கே இருந்தார், யாருக்கு எது தொண்டையில் சிக்கும் என்று பார்க்காமலே சொன்னார். தூரம் மட்டும் இல்லையென்றால் அதையே எடுத்திருப்போம். அம்மா இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடத்துக்கு அம்மாவின் கண் எத்தனை நாள் போகும்?

நான் எல்லா இடத்திலும் கேட்ட கேள்வி ஒன்று: “கடைசியாக இங்கே நடந்த பிழை என்ன, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்?” ஒன்றுமே நடக்கவில்லை என்றவர்களை விட்டுவிட்டோம். ஒரு மனேஜர், மருந்து ஒரு நேரம் இரண்டு தடவை கொடுபட்டது என்று திகதியோடு சொல்லி, இப்போது இருவர் கையெழுத்துப் போடும் பக்கத்தைத் திறந்து காட்டினார். அதோடு மருந்துப் பட்டியலையும் கேட்டேன். அறிவுசார் குறைபாடு உள்ள 30,000 முதல் 35,000 பேர் தகுந்த காரணமில்லாமல் மனநோய் மருந்தோ மனச்சோர்வு மருந்தோ எடுக்கிறார்கள் என்று 2015-இல் அரசாங்கச் சுகாதாரத் துறையே கணித்தது, அதைக் குறைக்க 2016-இல் ‘ஸ்டோம்ப்’ என்று ஓர் இயக்கமும் தொடங்கினார்கள். சத்தம் போடுகிறான் என்று குளிசை கொடுக்குமுன் பல்லைப் பாருங்கள், காதைப் பாருங்கள், வயிற்றைப் பாருங்கள். குடும்ப டாக்டரிடம் 14 வயதிலிருந்து வருடத்துக்கொருமுறை முழுப் பரிசோதனை கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். 2022-இல் இறந்த அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் 42 சதவீதத்தினரின் இறப்பு தவிர்த்திருக்கக்கூடியது என்று லெடர் என்ற ஆய்வுத் திட்டம் சொன்னது. பொதுமக்களில் அது 22 சதவீதம்.

திகதியோடு பிழையைச் சொன்ன அந்த மனேஜரின் வீட்டைத்தான் எடுத்தோம். வகையால் அது சப்போர்ட்டட் லிவிங். மூன்று ஆண்கள், இரவில் விழித்திருக்கும் ஆள், கீழ்த்தளத்தில் தம்பிக்கு அறை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஐம்பது வயதுக்குள்ளேயே மறதிநோய் தொடங்கலாம், அப்போது படிக்கட்டு எதிரியாகிவிடும். அம்மா வீட்டிலிருந்து ஒரே பஸ். மற்ற இருவரில் ஒருவரின் தாய் புதன்கிழமைகளில் சொல்லாமல் வருவார், ஞாயிறு நான். பக்கத்து வீட்டுக் கிழவருக்கு மூன்று பேரின் பெயரும் தெரியும். ரிச்சர்ட் ஹேண்ட்லிக்குச் செய்யத் தவறியதைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுத்தில் வாங்கினோம்: மலம் போன நாள், போகாத நாள், இரண்டு நாள் போகாவிட்டால் யாருக்கு அழைப்பது. முந்திரிகை வத்தலும் அதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மரக்கறி, மாதத்துக்கொருமுறை ஈலிங் அம்மன் கோயில்.

அம்மா ஒரு கொப்பித் தாளில் அவன் சொல்லும் சொற்களை எழுதினார். நான் எதிரே ஆங்கிலம் எழுதினேன். மொத்தம் 31 சொல். முதலாவது ‘நோ’. இரண்டு அர்த்தமும் போட்டு, நோவு என்றால் கையால் இடத்தைத் தொடுவான், வேண்டாம் என்றால் தலையைத் திருப்புவான் என்று எழுதியிருந்தோம். அதைக் குசினி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தார்கள்.

இப்போது வெள்ளி, சனி இரண்டு இரவு அங்கே. போன ஞாயிறு நான் போனபோது பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இரவு வேலைசெய்யும் கானா நாட்டுப் பெண்ணின் உருண்டைக் கையெழுத்து:

“காலை 7.10. ‘நோ’ என்றார். எங்கே என்று கேட்டேன். இடது காதைத் தொட்டார். 111 மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்தேன்.”